தலகாணி ஒண்ணுதான்

போன மாதம் எனக்கே மூச்சு வாங்கியது. எண்பதைத் தாண்டிய உடம்பு, மாடி ஏறினால் வாங்காமல் என்ன செய்யும்? என் மகன் கேட்கவில்லை. காரில் ஏற்றிக்கொண்டு போய் ஓர் ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டான். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பையன், நல்ல பையன். என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினான், அது காட்டிய எண்ணைப் பார்த்தான், அவனுக்குத் திருப்தி. பிறகு கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே, "பாட்டி, ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்குறீங்க?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்குகிறவள் சிரிக்கக் கூடாது. சிரிப்பு இருமலாகி, இருமல் கண்ணீராகி, பையன் வெலவெலத்துப் போய்க் கிளிப்பை இன்னொரு விரலில் மாட்டினான். நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டுத் திரிந்தவள்தான் தம்பி என்றேன். கேள்வியில் அப்படி என்ன சிரிப்பு என்று கேட்டான். சொன்னேன். பக்கத்து அறையிலிருந்து இன்னும் இரண்டு டாக்டர்கள் வந்து நின்று கேட்டார்கள். வெளியே நோயாளிகள் காத்திருந்ததால் பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. மீதியை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். முழுவதையுமே எழுதுகிறேன்.

நான் மதுரைப் பக்கம். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணை டாக்டருக்குப் படிக்க வைக்கிறேன் என்று பிடிவாதமாக நின்று என்னைச் சென்னைக்கு அனுப்பினார். படித்த வருஷங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. பிணம் அறுத்தோம், பரீட்சை எழுதினோம், ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டினோம். ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. வந்த புதிதில் அந்த ஊர்த் தமிழே எனக்குப் புரியவில்லை. 'கீது' என்பார்கள், 'வந்துகினு' என்பார்கள். நான் பேசுவது அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. வைத்தியத்தைவிட முதலில் பேச்சைத்தான் கற்றுக்கொண்டேன்.

எனக்கு மேலதிகாரி டாக்டர் ரங்கய்யா. நெல்லூர்க்காரர், ஒல்லி, வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. என்னை 'அம்மாயி' என்று கூப்பிடுவார். தெலுங்கில் அது சின்னப் பெண்ணைக் கூப்பிடுவது. எங்கள் ஊரிலோ அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவள். முதல் நாள் அவர் அப்படிக் கூப்பிட்டதும் எனக்கு முகம் சிவந்துவிட்டது. அர்த்தம் தெரிந்த பிறகும் கொஞ்ச நாள் கோபம் போகவில்லை.

அவர் வார்டுக்கு வந்தால் கட்டிலின் கால்மாட்டில்தான் நிற்பார். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். நோயாளியிடம் ஊர் என்ன, என்ன குழம்பு வைத்தாய், யாரோடு வந்தாய் என்று பேச்சுக் கொடுப்பார். நான் வம்பளக்கிறார் என்று நினைத்தேன். அவர் பதிலைக் கேட்கவில்லை, பதிலின் நீளத்தைக் கேட்டார். ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் முழுதாக வந்தால் அவசரம் இல்லை. பாதியில் உடைந்தால் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சொல்லாக வந்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம். பேசிக்கொண்டிருக்கும்போதே மூக்கு விடைக்கிறதா, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா, உதடு என்ன நிறம், நகம் என்ன நிறம் எல்லாம் பார்த்து முடித்திருப்பார். நாடியைப் பிடித்திருப்பது போலப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணுவார். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிவிடுவான் என்பார். ஸ்டெதஸ்கோப் கடைசியில்தான். அதற்கு முன்னால் யாராவது காதில் மாட்டினால் தொலைந்தார்கள்.

"குழாயைப் பையில போடு அம்மாயி. அது நெஞ்சுல இருக்கறதத்தான் சொல்லும். நோவு நெஞ்சுலதான் இருக்குன்னு உனக்கு யார் சொன்னது?"

அதை நான் நேரில் பார்த்தது ஒரு டோலிக்காரர் விஷயத்தில். திருக்கழுக்குன்றம் மலைக்கு வருகிற, ஏற முடியாத பக்தர்களை டோலியில் வைத்துத் தூக்கிப் போகிறவர். மூச்சு வாங்குகிறது என்று வந்தார். அந்தப் பக்கத்து ஜனங்களிடம் ரங்கய்யா கேட்கிற முதல் கேள்வியே மலையைப் பற்றித்தான். கழுகு பார்க்க ஏறினாயா, எங்கே உட்கார்ந்தாய், போன வருஷம் எங்கே உட்கார்ந்தாய்? எங்கள் பாடப் புத்தகத்தில் 'எத்தனை மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது' என்று கேட்கச் சொல்லியிருக்கும். செங்கல்பட்டில் யார் வீட்டில் அத்தனை மாடி இருந்தது? மனிதர் மாடியை எடுத்துவிட்டு மலையை வைத்துக்கொண்டார். டோலிக்காரர், ஆளைத் தூக்கிக்கொண்டு ஏறினால் வாங்குவது சரி, வெறுங்கையோடு ஏறினாலும் வாங்குகிறதே என்றார். நான் பையிலிருந்து குழாயை எடுத்தேன். ரங்கய்யா அவருடைய கீழ் இமையை இழுத்துக் காட்டினார். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. வயிற்றில் கொக்கிப்புழு, உடம்பில் ரத்தமே இல்லை. நெஞ்சு சுத்தமாக இருந்தது. புழுவுக்கு மருந்தும் இரும்புச் சத்து மருந்தும் கொடுத்து அனுப்பினோம். பிறகு ஒரு நாள் கடைத்தெருவில் பார்த்தபோது, டாக்டரம்மா வாங்க, சும்மாவே தூக்கிட்டுப் போறேன் என்று கூப்பிட்டார்.

இனி தலையணைக்கு வருகிறேன். இருதயம் தளர்ந்தவர்கள் மட்டமாகப் படுத்தால் நுரையீரலில் ரத்தம் தேங்கி மூச்சு முட்டும். அதனால் தலையணைக்கு மேல் தலையணை வைத்து நிமிர்ந்து படுப்பார்கள். இத்தனை தலையணை என்றால் இருதயம் இந்த அளவு கெட்டிருக்கிறது என்று ஒரு கணக்கு. இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து வந்த கேள்வி. ரங்கய்யா மாடியை மாற்றினாரே தவிர, தலையணையை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு இருந்த மதிப்பை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். மூச்சு இழுத்துக்கொண்டு, நெஞ்சு விசில் அடித்துக்கொண்டு ஒருவர் வந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம், இருதயமாகவும் இருக்கலாம். வெளியே இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஜனங்கள் இரண்டுக்கும் ஒரே பேர்தான் வைத்திருந்தார்கள், 'எளப்பு'. ஆஸ்துமாவுக்கு அட்ரினலின் ஊசி. அதை இருதயக்காரருக்குப் போட்டால் இருதயம் தறிகெட்டு ஓடி, நுரையீரல் நுரை கட்டி ஆள் போய்விடுவார். இருதயத்துக்கு மார்ஃபியா ஊசி. அதை ஆஸ்துமாக்காரருக்குப் போட்டால் இருக்கிற மூச்சும் நின்றுவிடும். இரண்டுக்கும் பொதுவாகப் போடக்கூடிய மருந்து ஒன்று உண்டு, எங்கள் ஸ்டோரில் அது பாதி நாள் இருக்காது. எக்கோவா, ஸ்கேனா, எதுவும் கிடையாது. ரங்கய்யா அட்ரினலினை ஒரு அலமாரியிலும் மார்ஃபியாவைப் பூட்டுப் போட்ட இன்னொரு அலமாரியிலும் வைத்திருந்தார். நடுவில் நிற்பது நாம்தான், பார்த்து நட என்பார்.

ஜொகரா வந்தது ஒரு மத்தியான வேளையில், கருவாட்டு லாரியில்.

கோவளத்துக்காரி. இருபது வயதுக்குள்தான் இருக்கும். வயிற்றில் ஏழு மாதம், தலைப்பிள்ளை. அவள் புருஷன் காதர் பாய் கோவளத்தில் கருவாடு வாங்கிச் செங்கல்பட்டுச் சந்தையில் போடுகிறவர். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமே என்று கேட்டதற்கு, லாரி இங்கேதான் வந்தது என்றார். கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் மாமியார் அவளை மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு பேர் மேலும் அந்த வாசனை. வார்டே திரும்பிப் பார்த்தது.

கட்டிலில் உட்கார வைத்தோம். அந்தப் பெண்ணின் நெஞ்சு போட்ட சத்தம் வார்டு வாசல் வரைக்கும் கேட்டது. ஒரு சொல்கூட வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். கோஷா வழக்கம் உள்ள குடும்பம், அதனால் திரை கட்டினோம். ரங்கய்யா திரைக்கு வெளியே நின்றார். அவள் பேச முடியாததால் கேட்டதற்கெல்லாம் மாமியார் பதில் சொன்னார். கெட்டிக்காரப் பெண்மணி, கேட்ட கேள்விக்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. என்ன உடம்புக்கு? எளப்பு. எவ்வளவு காலமாக? சின்ன வயசிலிருந்தே உண்டு என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள், முழுகாமல் இருந்ததிலிருந்து ஜாஸ்தி. வைத்தியம்? ஊரில் ஒருத்தர் ஊமத்தை இலைப் புகை பிடிக்கச் சொன்னார், பிடித்தாள், கேட்கவில்லை. ரங்கய்யா பழக்க தோஷத்தில் மலை ஏறுவாளா என்று கேட்டுவிட்டார். எங்க வூட்டுப் பொம்பளைங்க இன்னாத்துக்கு மலையேறணும் என்று திரைக்கு உள்ளிருந்து பதில் வந்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. ராத்திரி எத்தனை தலையணை வைத்துக்கொள்வாள்?

"தலகாணி ஒண்ணுதான். எங்க வூட்ல நாலு கீது, இவளுக்கு ஒண்ணே போதும்."

ரங்கய்யா என்னைப் பார்த்தார். ஒரு தலையணை என்றால் மட்டமாகப் படுக்கிறாள் என்று அர்த்தம். மட்டமாகப் படுத்தால் இருதயம் இல்லை. ஆனாலும் மனிதர் அதோடு விடவில்லை. உள்ளே வந்து, போர்வையைப் போர்த்தி, முதுகுப் பக்கம் குழாயை வைத்துக் கேட்டார். முன்பக்கம் நான் கேட்டேன். விசில், விசில், விசில். அந்தச் சத்தத்தில் இருதயம் என்ன சொல்கிறது என்று யாருக்குமே கேட்டிருக்காது. காலில் வீக்கம் இருந்தது, ஆனால் ஏழு மாதக் கர்ப்பிணிக்கு வீக்கம் இல்லாமலா இருக்கும்? பொதுவான மருந்து இருக்கிறதா என்று ஸ்டோருக்கு ஆள் விட்டோம். இல்லை என்று வந்தது. ஆஸ்துமா, அட்ரினலின், தோலுக்கடியில், மெதுவாக என்று சொல்லிவிட்டு ரங்கய்யா ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். அங்கே குடல் முறுக்கிக்கொண்ட ஒருவர் மேஜை மேல் காத்திருந்தார்.

நர்ஸ் ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்து வந்தார். நான் மருந்தை ஊசிக்குள் ஏற்றினேன். அந்த நேரம் பார்த்து மாமியார், இங்கே பெரிய பாத்திரம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். வாந்தி வருகிறது போலிருக்கிறது என்று எனாமல் பேசினை நகர்த்தி வைத்தேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்து, என்னையும் பார்த்தார்.

"இது இன்னாத்துக்கு? தேக்சா வோணும் டாக்டரம்மா. பிரியாணி ஆக்குறது. கவுத்துப் போடணும்."

கவிழ்த்துப் போட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மருந்து ஏற்றிய ஊசி என் கையில் இருந்தது.

"மடியாண்ட கவுத்து வெச்சு, மேல தலகாணியப் போட்டா, அதும் மேல கவுந்துகினு தூங்குவா. தெனைக்கும் அப்பிடித்தான். நோம்புக்கு முன்னாலேர்ந்து அப்பிடித்தான் தூங்கறா. படுத்தா செத்துருவேன்றா."

ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்று கத்தினேன். அந்த அம்மாள் நிதானமாக, தலகாணி எத்தினின்னு கேட்டாரு, ஒண்ணுன்னு சொன்னேன், தேக்சாவப் பத்தி யாரும் கேக்கலியே என்றார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஊசியைத் தட்டில் வைத்தேன். ஜொகராவின் கையைத் தொட்டேன், ஜில்லென்று வேர்த்திருந்தது. அவள் வாயைத் துடைத்துக்கொண்ட துணியை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். நுரையில் இளஞ்சிவப்பு, நுரையீரலில் ரத்தம் கசிகிற நிறம். அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. அட்ரினலினைப் போடக் கூடாது என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுத் தியேட்டருக்கு ஓடினேன்.

ரங்கய்யா இரண்டு கையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நின்றார். வாசலில் நின்றே சொன்னேன். மூச்சு எனக்கே வாங்கியது, நாலு சொல்லுக்கு ஒருமுறை நின்று நின்று சொன்னேன். அவர் தலையைத் தூக்கவில்லை. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், பாத்திரம் பண்டம் என்று ஆபரேஷன் நடுவில் வந்து உளறுகிறாளே என்று.

"தேக்சா எவ்வளவு உயரம்?" என்றார்.

மாமியார் கையால் காட்டியிருந்தார். அதையே நானும் காட்டினேன். அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அது நாலு தலகாணிக்கு மேல. மார்ஃபியா போடு. காலைத் தொங்கவிடு, ஆக்ஸிஜன் வை, கை காலைக் கட்டு. அம்மாயி, முதல்ல சொன்ன ஆர்டரும் என்னுது, இந்த ஆர்டரும் என்னுது. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்."

திரும்பி நடக்கும்போது எனக்கு அழுகை முட்டியது. இவ்வளவு பெரிய மனுஷரை இத்தனை நாள் சிடுமூஞ்சி என்று நினைத்திருந்தேன்.

பூட்டைத் திறந்து மார்ஃபியாவை எடுத்தேன். பயம் இல்லாமல் போட்டேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். தேக்சா விஷயம் தப்பாக இருந்து, இது ஆஸ்துமாவாகவே இருந்துவிட்டால், என் கையாலேயே இரண்டு உயிரை நிறுத்தினவள் ஆவேன். காதர் பாய் திரைக்கு வெளியே வந்து நின்று, என்னை உள்ளே விடாதபடி ஒரு கேள்வி கேட்டார். பெரிய உசுரு தங்குமா? சின்ன உசுரைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. பெரிய உசுரக் காப்பாத்திக் குடுங்க டாக்டரம்மா, அது போதும் என்றார். உள்ளே போய் ஊசியைப் போட்டேன்.

ஜொகராவின் கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டோம். நான்கு கை கால்களில் மூன்றில் பட்டை கட்டி, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒன்றை அவிழ்த்து அடுத்ததில் கட்டினோம். உடம்பில் இருக்கிற ரத்தம் முழுவதும் ஒரேயடியாக இருதயத்துக்குத் திரும்பாமல் இருப்பதற்காக அப்படி. சிறுநீர் பிரிய ஓர் ஊசி. தேக்சா கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் சாதம் வடிக்கிற அண்டாதான் இருந்தது, அதைக் கழுவிக் கவிழ்த்து, மேலே தலையணை வைத்துக் கொடுத்தோம். அவள் அதைக் கட்டிக்கொண்டு கவிழ்ந்தாள். நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ஃபியா உள்ளே போனதும் மூச்சு குறைய ஆரம்பித்தது. நல்லபடியாகக் குறைகிறதா, ஒரேயடியாகக் குறையப் போகிறதா? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிகிற வரைக்கும் நான் பட்ட பாட்டை என் விரோதிகூடப் படக் கூடாது.

விசில் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. கையில் சூடு வந்தது. ஜன்னல் வெயில் சுவரை விட்டு இறங்கிய சமயத்தில் அவள் தலையைத் தூக்கினாள்.

"மாமி, உங்க மேல கருவாட்டு நாத்தம் இன்னும் போவல."

முழு வாக்கியம், ஒரே மூச்சில். நான் சிரித்தேன், நர்ஸ் சிரித்தார், மாமியார் முக்காட்டை இழுத்துக்கொண்டு அழுதார். தியேட்டரிலிருந்து வந்த ரங்கய்யா திரைக்கு வெளியே நின்று என்ன சத்தம் என்று கேட்டார். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். கருவாடு கண்டுபிடிக்கிற அளவுக்கு மூக்கு வேலை செய்கிறது, சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விசில் ஓய்ந்த நெஞ்சில் குழாயை வைத்தேன். நேற்று மறைந்திருந்தது இன்றைக்குத் தெளிவாகக் கேட்டது. இருதயத்தின் இடப்பக்க வால்வு சுருங்கியிருந்தது. சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாயா என்று கேட்டேன். கிடந்தேன், ஒரு முட்டி போனால் இன்னொரு முட்டி, பள்ளிவாசலில் ஓதித் தண்ணீர் கொடுத்தார்கள் என்றாள். அந்தக் காய்ச்சல்தான் மூட்டை விட்டுவிட்டு இருதயத்தைப் பிடித்திருந்தது. பிள்ளை வளர வளர அதற்குப் பாரம் தாங்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து ரங்கய்யா தலையணைக் கேள்வியை நிறுத்திவிட்டார். அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. வெளிநோயாளிகள் பகுதியில் ஒரு பெஞ்சைக் காட்டி, ராத்திரி எப்படித் தூங்குகிறாய், செய்து காட்டு என்று ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியே வேடிக்கை பார்த்தது. மாமல்லபுரம் பக்கத்து மீனவர் ஒருவர் பெஞ்சை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மணலை மேடு கட்டி முதுகு சாய்ப்பேன் என்று இல்லாத மணலைக் குவித்துக் காட்டினார். திருப்போரூரில் கடை வைத்திருந்த ஒருவர் அரிசி மூட்டை மேல் சாய்ந்தேதான் தூங்குகிறாராம். கேட்டால் கடைக்குக் காவல் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார், வீட்டிலும் நம்பியிருக்கிறார்கள். இவர்கள் யாரிடமும் தலையணையே கிடையாது. புத்தகக் கணக்குப்படி எல்லாரும் மட்டமாகப் படுக்கிற ஆரோக்கியசாலிகள்.

ஜொகராவைப் பிரசவம் வரைக்கும் வார்டிலேயே வைத்துக்கொண்டோம். உப்பில்லாச் சாப்பாடு, படுக்கை, இருதயத்துக்கு டிஜிட்டாலிஸ் மாத்திரை. காதர் பாய் வீட்டுத் தேக்சாவையே லாரியில் கொண்டுவந்து இறக்கினார். மாமியார் தரையில் பாய் விரித்துக் கூடவே கிடந்தார். உப்பில்லாத சோற்றை மருமகள் ஒதுக்கினால், நானும் அதையே துன்றேன் பாரு என்று எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவார். பிறகு வராந்தாவுக்குப் போய் ஊறுகாயை நக்கிவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் என்னிடம், பிள்ளை பொறந்தா இவ படுத்துத் தூங்குவாளா என்று கேட்டார். பிழைப்பாளா என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அப்படிப்பட்ட வால்வோடு பிள்ளை பெற்று, பெற்ற கையோடு கண் மூடிய பெண்களை நான் பார்த்திருந்தேன்.

வலி எடுத்தது ஒரு காலை நேரத்தில். மட்டமாகப் படுக்க வைக்க முடியாது. முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து உட்கார்ந்த நிலையிலேயே வைத்துக்கொண்டோம். அவள் முக்கக் கூடாது, முக்கினால் இருதயம் தாங்காது. பிள்ளையை ஆயுதம் வைத்து நான் எடுக்க வேண்டும். ரங்கய்யா திரைக்கு வெளியே நின்றார். அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். பேசுகிறாளா? பேசுகிறாள் சார். பேச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையை மாமியாரிடம் கொடுத்திருந்தேன். அவர் கோவளத்தில் யார் யாருக்கு என்ன கடன், யார் பெண்ணை யாருக்குக் கொடுக்கப் பேச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார், ஜொகரா பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பெண் குழந்தை. அழுதது. எங்களுக்கு அதைக் கொண்டாட நேரமில்லை. இருதயக்காரிக்குப் பிள்ளை பிறந்த அடுத்த கொஞ்ச நேரம்தான் கண்டம். கருப்பை சுருங்கச் சுருங்க அதிலிருந்த ரத்தமெல்லாம் இருதயத்துக்குத் திரும்பும். கருப்பை சட்டென்று சுருங்க வழக்கமாகப் போடுகிற ஊசியைப் போடாமல், வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மூச்சு ஏறியது. உதடு நிறம் மாறியது. பேச்சு இரண்டு சொல்லாக, ஒரு சொல்லாக உடைந்தது. மறுபடி மார்ஃபியா, மறுபடி கை கால் கட்டு, மறுபடி ஆக்ஸிஜன். மாமியார் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு ஓத ஆரம்பித்தார். என் அப்பா சொல்லிக் கொடுத்த ஜெபம் எனக்கும் வாயில் வந்தது. திரைக்கு வெளியே ரங்கய்யா எதுவும் கேட்கவில்லை, அவருக்கும் பதிலைக் கேட்கப் பயமாக இருந்திருக்கும். பொழுது உச்சிக்கு வந்த பிறகுதான் அவள் வாயிலிருந்து இரண்டு சொல் சேர்ந்து வந்தது. இன்னா கொயந்த என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் கவிழ்ந்தேதான் தூங்கினாள். வால்வு அப்படியேதான் இருக்கிறது, கண்டம் தாண்டியது என்று இப்போது சொல்ல முடியாது, இனிமேல் பிள்ளை வேண்டாம் என்றெல்லாம் காதர் பாயிடம் ரங்கய்யா எடுத்துச் சொன்னார். வால்வைக் கத்தி வைத்து விரிக்கிற ஆபரேஷன் வந்திருக்கிறதாம், விசாரிக்கிறேன் என்றும் சொன்னார். காதர் பாய் எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

பிரசவமாகி ஒரு வாரம் போல இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வார்டுக்குள் நுழைந்தேன். திரை கொஞ்சம் விலகியிருந்தது. தேக்சா கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஜொகரா கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். மட்டமாக, தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கை இரண்டும் விரிந்து. குழந்தை தரையில் மாமியார் பக்கத்தில். மாமியார் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் படுத்து நான் பார்த்ததில்லை. செத்துவிட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். வேறு எதுவும் தோன்றவில்லை. செருப்பு ஒன்று எங்கோ கழன்று போக, ஓடிப்போய் அவள் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். கொஞ்ச நேரம் என்னை அடையாளம் தெரியாதவள் போலப் பார்த்தாள். பிறகு முகம் கோணியது.

"இன்னா டாக்டரம்மா நீங்க, எத்தினி மாசம் கயிச்சு இன்னிக்குத்தான் படுத்துத் தூங்கினேன், எயுப்பி வுட்டுட்டீங்களே."

தப்புதான், தூங்கு என்றேன். போர்வையை அவளே இழுத்துக்கொண்டாள், ஒருக்களித்தாள், பிடிக்கவில்லை போலிருக்கிறது, மறுபடி மல்லாந்தாள், தூங்கிப் போனாள். எதிர்க் கட்டிலில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.